இருமுறை எழுதிய பரீட்சை

வெற்றி பெற்றவர் தம் வெற்றியைக் கூறக் கேட்பது உலகத்தில் அரிதன்று. தோல்வியுற்றவர் தம் தோல்வியைத் தாமே எடுத்துரைக்கக் கேட்பதே அரிது. ஆண்டுதோறும் நம் கல்லூரி மலரில் பரிசு பெற்றோர் பெயர்கள் பல பக்கங்களை அணிசெய்கின்றன. அவை அங்ஙனமே விளங்குக! ஆயினும், தவறியவர்க்கும் ஓரிரு பக்கங்கள் ஒதுக்கினால் மலரின் மணம் குறைந்துவிடாது என்பது என் துணிபு. ஆதலின் ஒரு பரீட்சையில் யான் தோற்ற வரலாற்றையும், அதனையே மீண்டும் எழுதிய வரலாற்றையும் ஈண்டு உரைக்கப் புகுகின்றேன். அன்பர்கள் பொறுமையோடு கேட்பார்களாக.

அப்பரீட்சை தமிழ்ப் பரீட்சையன்று. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பைப் பற்றியது. "யாப்பும் அணியும் படிக்கிற உனக்கு ரவுட்டரோடு என்ன உறவு?" என்று வகுப்புத் தோழர் பலர் என்னை வினவியதுண்டு. அவ்வுறவு எங்கள் வீட்டிலேயே உளது. என் தந்தையார் பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கம்பியிழுக்குந் தொழில் செய்து வருபவர். முன்னர்க் கேபிள் டிவிக் கம்பி. இப்பொழுது இணையத்திற்குரிய பைபர் கம்பி. மழையிரவில் எவர் வீட்டிலேனும் இணையம் நின்றுபோயின், முதலில் ஒலிப்பது எங்கள் வீட்டுக் கைப்பேசியே. அவர் ஏணியைத் தோளில் இட்டுக்கொண்டு புறப்படுவார். எந்தக் கம்பத்தில் எந்தக் கம்பி எவ்விடத்தில் ஒட்டப்பட்டுள்ளது என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அக்கம்பி சென்று சேரும் அலுவலகத்துப் பெட்டிகளைத் தொடும் உரிமை அவருக்கில்லை. அதற்குச் சான்றிதழ் பெற்ற இளைஞர் சிலர் உளர். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் ஒருநாள் அவர் என்னிடம், "பெட்டிக்கு வெளியே இருக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும், தம்பி. உள்ளே என்ன நடக்கிறதென்று மட்டும் தெரியாது. நீ படித்து எனக்குச் சொல்லு" என்றார். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதன்முறை.

தமிழ் பயிலுதல் என் விருப்பம். அதனை அவர் தடுத்தாரில்லை. எனவே, கல்லூரியில் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த யான், மாலை நேரங்களில் வலையமைப்பும் கற்பது என்று உறுதி செய்துகொண்டேன்.

யான் எழுத எண்ணிய பரீட்சைக்குச் சி.சி.என்.ஏ. என்று பெயர். 1984-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் லியோனார்டு போசாக், சாண்டி லெர்னர் என்னும் தம்பதியரால் தொடங்கப்பெற்ற சிஸ்கோ என்னும் நிறுவனம் அதனை நடத்துகின்றது. 1998-ஆம் ஆண்டில் தோன்றிய அப்பரீட்சை, 2020 பிப்ரவரியில் புதிய வடிவம் பெற்றது. 2024 ஆகஸ்டில் அதன் பாடத்திட்டம் சிறிது திருத்தப்பட்டது. யான் எழுதியபோது இருந்த பாடத்திட்டம் ஆறு பகுதிகளை உடையது. அவற்றுள், செய்திப் பொதிகள் ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்கு வழிகண்டு செல்லும் முறையைக் கூறும் பகுதியே பெரியது. நூற்றில் 25 பங்கு அதற்குரியது. அடிப்படைகளுக்கு 20, வலையை அணுகுதலுக்கு 20, பாதுகாப்புக்கு 15, எஞ்சிய இரண்டு பகுதிகளுக்கும் பப்பத்து. நேரம் 120 நிமிஷம். ஒரு வினாவிற்கு விடை கொடுத்துக் கடந்துவிட்டால் மீண்டும் அதன்பாற் செல்லுதல் இயலாது. நம் கல்லூரிப் பரீட்சையிற்போலத் தெரிந்ததை முன்னும் தெரியாததைப் பின்னும் எழுதும் தந்திரம் ஆண்டுப் பயன்படாது. தேறியவர்க்கு அளிக்கும் சான்றிதழும் மூன்றாண்டு வரையே செல்லும்.

கட்டணமோ 300 அமெரிக்க டாலர். வரியும் சேர நம் நாணயத்தில் ஏறக்குறைய 30,000 ரூபாய். எங்கள் அடுக்களைக் கூரை ஐப்பசி மழையில் ஒழுகும். அதற்குத் தளம் போடுவதற்கென்று அம்மா மாதந்தோறும் ஒரு சீட்டுக் கட்டிவந்தார்கள். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சீட்டு விழுந்தது. அம்மா அப்பணத்தை எண்ணி, ஒரு துணியில் முடிந்து, என் மேசைமேல் வைத்துவிட்டு, "இந்த மழைக்கும் குண்டானை வைத்து ஒப்பேற்றிவிடலாம்" என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை.

இனி, என் குற்றத்தை மறையாமற் கூறுவேன்.

முதலிரண்டு மாதங்கள் ஒழுங்காகவே படித்தேன். பின்னர்க் கல்லூரிப் பருவத்தேர்வு வந்தது, கட்டுரைகள் வந்தன, நாட்கள் கழிந்தன. பரீட்சைக்கு ஐந்து வாரமே எஞ்சியிருந்தபோது, எனக்கு அறிமுகமான இளைஞன் ஒருவன் ஒரு கோப்பினைக் கைப்பேசி வழியாக அனுப்பினான். முன்னர் அப்பரீட்சையை எழுதியவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு வந்து வெளியிட்ட வினாக்களும் விடைகளும் அதில் நானூறுக்கு மேல் இருந்தன. "இதை உருப்போட்டுவிடு, வேறொன்றும் வேண்டியதில்லை" என்றான். பரீட்சை எழுதுவோர் ஒவ்வொருவரும் வினாக்களை வெளியிடேன் என்று உடன்படிக்கை செய்த பின்னரே உள்ளே புகுகின்றனர். அங்ஙனமாயின் அக்கோப்பு எவ்வாறு வந்தது என்பதை யான் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். எண்ணாமல் இருக்கவில்லை; எண்ணிவிட்டு, எண்ணாதவன்போல் இருந்தேன் என்பதே உண்மை.

சிறுவயது முதல் செய்யுள் மனப்பாடம் செய்து பழகிய எனக்கு நானூறு விடைகள் பெரிய சுமையல்ல. வினாவின் முதல் மூன்று சொற்களைக் கண்டதும் விடை என் நாவில் நிற்கும். பொருள் மட்டும் நிற்காது. பொருளுணராமல் ஒப்பிப்பவனைக் கிளிப்பிள்ளை என்று பழிப்பது தமிழ் வகுப்பில் நாடோறும் கேட்பதே. அப்பழிப்பு என்னைச் சாராது என்று எண்ணியிருந்தேன்.

2025 மே மாதத்தில் ஒருநாள் விடியுமுன்னரே திருநெல்வேலியிற் பேருந்து ஏறி, மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கித் தேர்வுக்கூடத்தை அடைந்தேன். அடையாளச் சான்றுகளைப் பார்த்தனர், நிழற்படம் எடுத்தனர், பையையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டச் செய்தனர். எழுதியழிக்குந் தன்மையதாய ஒரு சிறு பலகையும் எழுதுகோலும் கொடுத்துக் கணினி முன் அமர்த்தினர். யான் கண்ட வினாக்களை ஈண்டுக் கூறேன். அவ்வுடன்படிக்கையை இப்பொழுதேனும் காப்பது என் கடன். என் மனநிலையை மட்டுங் கூறுவேன். முதற் சில வினாக்கள் பழகிய முகங்கள்போலத் தோன்றின. மகிழ்ச்சியோடு விடை கொடுத்தேன். பிறகுதான், முகம் பழையதாயினும் ஆள் வேறு என்பது விளங்கலாயிற்று. எண்கள் மாறியிருந்தன, கேட்ட பொருள் மாறியிருந்தது. மனத்தில் விடை இருந்தது. அவ்விடைக்குரிய வினா எதிரில் இல்லை. ரவுட்டருக்கு நாமே கட்டளைகளைத் தட்டச்சிட்டு அதனை இயக்கிக் காட்டவேண்டிய செய்முறை வினாவும் வந்தது. அங்கே தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் இல்லை. மினுக்குகின்ற ஒரு சிறு கோடு மட்டுமே இருந்தது. அதனை நோக்கிக்கொண்டு யான் இருந்த நேரம் எவ்வளவு என்று அறியேன்.

தேறவில்லை. பகுதிதோறும் பெற்ற அளவைக் காட்டும் அறிக்கையில், மிகப் பெரியதாகிய வழிகாணும் பகுதியில் நூற்றுக்கு 36 என்றிருந்தது.

திரும்பும் பேருந்தில் கோவில்பட்டி வரையில் ஒன்றும் தோன்றவில்லை. அதன்பின் தோன்றியதெல்லாம் அடுக்களையில் வைக்கும் குண்டானே. வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்த அளவிலே அறிந்துகொண்டு, சோற்றைப் பரிமாறினார்கள். தந்தையார் உணவு முடியும்வரை காத்திருந்து, "எங்கே விட்டுப் போச்சு?" என்று கேட்டார். கம்பியறுந்த வீட்டில் அவர் கேட்கும் கேள்வி அது. "தெரியவில்லை, அப்பா" என்றேன். "போட்டவனுக்குத்தான் அறுந்த இடம் தெரியும். நீ போட்டாயா, வேறு யாராவது போட்டதா?" என்றார். அவர் கோப்பினைப் பற்றி ஒன்றும் அறியார், பொதுவாகவே கேட்டார். எனக்கோ அச்சொல் நேரே தைத்தது. அன்றிரவே அம்மாவையும் அப்பாவையும் ஒருங்கிருத்தி, நடந்ததனைத்தையும் கூறினேன். அம்மா நெடுநேரம் பேசாதிருந்து, "பணம் போனதற்கு வருத்தமில்லை. தேறியிருந்தால் நீ இதை எங்களிடம் சொல்லியிருப்பாயா?" என்று கேட்டார்கள். அதற்கு யான் விடை கூறவில்லை. அவ்விடை எங்கள் மூவர்க்கும் தெரிந்தே இருந்தது.

தவறியவர் ஐந்து நாள் கழித்து மீண்டும் எழுதலாம் என்பது விதி. எனக்கு ஐந்து நாள் போதாது. ஐந்து மாதத்திற்கு மேல் வேண்டும் என்பதை உணர்ந்தேன். கட்டணமும் முழுமையாக மறுபடியும் செலுத்தவேண்டும். அதனை இம்முறை வீட்டிற் கேட்பதில்லை என்று உறுதி பூண்டு, எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் பதினொருவர்க்கு மாலைதோறும் தமிழிலக்கணம் கற்பிக்கத் தொடங்கினேன். கோப்பினைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் மனத்திலிருந்து அழித்தல் எளிதாக இல்லை. பல நாள் அவ்விடைகள் வேண்டாத விருந்தினர்போல வந்து வந்து நின்றன.

நிற்க. வலையமைப்பில் என்னை மிகவும் வருத்தியது உட்பிரிவுக் கணக்கு. இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு. இப்பொழுதும் பெருவழக்காயுள்ள நான்காம் பதிப்பு முறையில் அது 192.168.10.77 என்பதுபோல நான்கு எண்களால் எழுதப்படும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை செல்லும். நாம் காண்பது நான்கு எண். கருவி காண்பதோ 0, 1 என்னும் இரண்டே குறிகளால் ஆகிய 32 இடங்கள். அவற்றுள் முதற்பகுதி வலையின் பெயர். பிற்பகுதி அவ்வலைக்குள் அக்கருவியின் எண். எவ்விடத்தில் அறுத்துப் பிரிப்பது என்பதே கணக்கு. கோப்பில் இருந்த விடைகளை யான் ஒப்பித்தேனேயன்றி, இவ்வறுப்பு ஏன் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஒருநாளும் காகிதத்தில் இட்டுப் பார்த்ததில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் யாப்பருங்கலக்காரிகை வகுப்பு. எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் சீர்களை விளக்கிக்கொண்டிருந்தார். அசை இரண்டு: நேர், நிரை. ஓரசையால் ஆகும் சீர் இரண்டு. ஈரசையால் ஆவன நான்கு. மூவசையால் ஆவன எட்டு. நாலசையால் ஆவன பதினாறு. ஆகச் சீர் முப்பது. இதனை யான் முதன்முறையாகக் கேட்கவில்லை. பள்ளியிலும் கேட்டேன், பதினொரு பிள்ளைகளுக்கு யானே சொல்லியுங் கொடுத்தேன். அன்று மட்டும், இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று அவர் எழுதியபோது என் கை நின்றுவிட்டது. அவ்வெண்கள் முந்தின இரவு யான் குறிப்பேட்டில் எழுதிச் சலித்துக் கைவிட்ட எண்களே!

நேரை 0 என்றும் நிரையை 1 என்றும் கொண்டேன். நேர்நேர் தேமா 00. நிரைநேர் புளிமா 10. நிரைநிரை கருவிளம் 11. நேர்நிரை கூவிளம் 01. முகவரியின் ஓரெண் எட்டு இடங்களை உடையது. எட்டு அசை நான்கு ஈரசைச்சீர். நாற்சீர் ஓர் அளவடி. முகவரியில் எண்கள் நான்கு. எனவே அடி நான்கு. அஃதாவது, உலகத்தில் உள்ள அவ்வகை முகவரி ஒவ்வொன்றும் நாற்சீரால் இயன்ற நாலடிச் செய்யுள்! எதுகையுமில்லை, மோனையுமில்லை, பொருளுமில்லை. ஆயினும் அலகிடுவதற்கு அமைந்த நிலைமண்டிலம். வகுப்பில் வாய்விட்டு நகைத்துவிட்டேன். ஆசிரியர் காரணம் கேட்டார். எழுந்து நின்று கூறினேன். அவர் சினங்கொள்ளாமல் சுண்ணக்கட்டியை என் கையிற் கொடுத்து, "எழுதிக் காட்டு" என்றார்.

192.168.10.77 என்பதை எழுதினேன். 192 என்பது 11000000. கருவிளம் தேமா தேமா தேமா. 168 என்பது 10101000. புளிமா புளிமா புளிமா தேமா. 10 என்பது 00001010; தேமா தேமா புளிமா புளிமா. 77 என்பது 64, 8, 4, 1 ஆகியவற்றின் கூட்டு, ஆதலின் 01001101, கூவிளம் தேமா கருவிளம் கூவிளம். முதல் 26 இடங்கள் வலைக்குரியவை என்று கொண்டால், முதல் மூன்றடியும் நான்காமடியின் முதற்சீரும் ஆகிய பதின்மூன்று சீர் தெருவின் பெயர். எஞ்சிய மூன்று சீர் வீட்டின் எண். அம்மூன்று சீரில் அசை ஆறு. ஆறசையை மாற்றி மாற்றி அமைக்கப் பிறப்பன 64. எல்லாம் நேராக நிற்பது அவ்வலைக்கே பெயர். எல்லாம் நிரையாக நிற்பது அவ்வலையிலுள்ளார் அனைவரையும் ஒருங்கு விளிக்கும் முகவரி. இவ்விரண்டும் நீங்க, கருவிகளுக்குக் கொடுக்கத்தக்கன 62. நான்காமடி கூவிளத்தில் தொடங்குவதால் இத்தெரு 64-இல் தொடங்கி 127-இல் முடியும். 65 முதல் 126 வரை வீடுகள். ஐந்து வாரம் உருப்போட்டும் வாராத கணக்கு ஒரு வகுப்பில் வந்துவிட்டது.

ஆசிரியர் பலகையைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, "ஒப்புமை நன்று. ஆனால் ஒப்புமையை மட்டும் நம்பாதே, வேறுபடும் இடத்தையும் கண்டு வை" என்றார். அவ்வறிவுரை பின்னர் எனக்குப் பெரிதும் பயன்பட்டது. செய்யுளில் அறுப்பு சீரின் இறுதியில் நிகழும். வலையமைப்பிலோ 27 என்றும் 29 என்றும் சீரின் நடுவிலும் அறுக்க நேரும். அவ்விடத்துச் சீரை விட்டு அசையையே எண்ணவேண்டும். உவமை என்னைக் கதவுவரை கொண்டுசென்றது. உள்ளே என் காலாலேயே நடந்தேன். நாள்தோறும் இருபது முகவரிகளைக் காகிதத்தில் இட்டு அலகிட்டேன்.

ஒன்று விளங்கியபின் மற்றவற்றையும் அவ்வாறே 'ஏன்' என்று கேட்டுப் படிக்கும் துணிவு வந்தது. வழிகாணும் பகுதியை எடுத்துக்கொண்டேன். ஒரே இடத்திற்குப் பல வழிகள் தெரிந்தால் ரவுட்டர் எதனைக் கொள்ளும்? நேரே இணைந்த வழிக்கு 0, நாமே எழுதிய வழிக்கு 1, ஓ.எஸ்.பி.எப். என்னும் முறையால் அறிந்த வழிக்கு 110 என்று நம்பிக்கையின் அளவு குறிக்கப்பட்டுள்ளது. எண் குறைந்தால் நம்பிக்கை மிகுதி. இவ்வெண்கள் எனக்கு முன்பே மனப்பாடம். ஆனால் இவற்றைப் பார்ப்பதற்கு முன், குறித்த முகவரியோடு எந்த வழி மிகுந்த இடங்களில் ஒத்துநிற்கின்றதோ அதனையே ரவுட்டர் தேர்ந்துகொள்ளும் என்பதை யான் மறந்திருந்தேன். பாளையங்கோட்டை என்று மட்டும் எழுதிய பையும், பாளையங்கோட்டையில் இன்ன தெரு என்று எழுதிய பையும் இருப்பின், தபால்காரர் அத்தெருக் கடிதத்தை இரண்டாவது பையில் இடுவாரன்றோ? ஒத்த அளவு சமமாய வழிகளுக்குள்ளேதான் நம்பிக்கையின் எண் வேலை செய்யும். இவ்வரிசை தெரியாமல் எண்ணை மட்டும் அறிந்தமையே, யான் 36 பெற்றதற்குப் பெருங்காரணம்.

ஓ.எஸ்.பி.எப். முறை குறுகிய வழியைக் காண்பதற்குக் கையாளும் கணக்கு, ஹாலந்து தேசத்து டைக்ஸ்ட்ரா என்பவர் 1956-இல் கண்டு 1959-இல் வெளியிட்டது. அதனை எங்கள் ஊர்த் தெருக்களை வைத்தே வரைந்து பார்த்தேன். ஸ்விட்சுகளைச் சுற்றி வளைத்து இணைத்தால், எல்லார்க்கும் என்று அனுப்பிய செய்தி நிற்குமிடம் இன்றிச் சுழன்று பெருகி வலையையே மூழ்கடிக்கும். அச்சுழலை அறுத்து, வலையைக் கிளைகள் மட்டும் உடைய மரம்போலாக்கும் முறையை ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் கண்டு 1985-இல் வெளியிட்டார். அதன் கருத்தை அவ்வம்மையாரே ஒரு சிறு செய்யுளாகவும் பாடி, அக்கட்டுரையின் தலைப்பிற் சேர்த்தார் என்று அறிந்தபோது, யான் இவ்விரு துறையிலும் கால் வைத்தது அத்துணை விபரீதமன்று என்று ஆறுதல் கொண்டேன்.

செய்முறைக்குச் சிஸ்கோ நிறுவனம் விலையின்றி அளிக்கும் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருள் துணைசெய்தது. திரையிலேயே ரவுட்டர்களையும் ஸ்விட்சுகளையும் வைத்து இணைத்து, கட்டளையிட்டு இயக்கலாம். ஆனால் அதனினும் பெரிய துணை என் தந்தையார். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் அவரோடு பழுது பார்க்கச் சென்றேன். வீட்டுக்காரர் என்ன கூறினாலும் அவர் முதலில் நோக்குவது பெட்டியில் விளக்கு எரிகின்றதா என்பதையே. பின்னர்க் கம்பி, பின்னர் ஒட்டு, சிவப்பொளி விடும் பேனாவைக் கம்பியின் ஒரு முனையிற் செலுத்தினால், முறிந்த இடத்தில் ஒளி கசிந்து காட்டும். கீழிருந்து மேலே போவது அவர் வழக்கம். வலையமைப்பு நூல்கள் கூறும் ஏழு அடுக்குகளில் முதலடுக்கு கம்பியும் ஒளியும் ஆகிய பருப்பொருளே. நூலில் யான் படித்ததை நூலின்றி அவர் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, கம்பி நன்றாயிருந்தது, இணையம் மட்டும் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். வீட்டுக்காரரின் இசைவு பெற்று அப்பெட்டியின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மாற்றினேன், வந்தது. திரும்பும் வழியில் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "ஒரே கதவு எண் இரண்டு வீட்டிற்கா?" என்று கேட்டார். "ஆம், அப்பா" என்றேன். பெட்டிக்கு உள்ளே நடப்பதில் ஒன்றை அவருக்கு அன்று சொல்லிவிட்டேன்.

கார்த்திகை பிறந்தது. பிள்ளைகளுக்குக் கற்பித்து ஈட்டியதில் குறைந்த சிறு தொகையை அக்காள் தந்தாள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னர், அதே இளைஞன் புதிய கோப்பு ஒன்றை அனுப்பி, "இது இந்த மாதத்தது, தப்பவே தப்பாது" என்று எழுதியிருந்தான். அன்பர்காள்! யான் அதனை உடனே அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், கால் மணி நேரம் அதன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடியும் தோற்றால் என்னாவது என்ற அச்சம் அத்துணைப் பெரிது. அப்பொழுது அடுக்களையில் மழைநீர் குண்டானில் விழும் ஓசை கேட்டது. அழித்தேன், அவனுக்கும், இனி அனுப்பவேண்டாம் என்று எழுதினேன்.

மறுபடியும் மதுரை, மறுபடியும் அதே பலகை. வினாக்கள் தொடங்குமுன் பலகையின் மேல்விளிம்பில் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதி, அதன்கீழ்த் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்றும் எழுதினேன். மேற்பார்வையாளர் கண்டிருந்தால் இஃதென்ன மந்திரம் என்று ஐயுற்றிருப்பார். இம்முறை எந்த வினாவும் பழகிய முகமாகத் தோன்றவில்லை. ஆயினும் ஒவ்வொன்றையும் 'எங்கே விட்டுப் போச்சு' என்று கேட்டுக் கீழிருந்து மேலே செல்ல முடிந்தது. தெரியாதனவும் இருந்தன. அவற்றைத் தெரியாதன என்று உணர்ந்து, இயன்றவரை ஆராய்ந்து விடையளித்து மேற்சென்றேன். கட்டளையிடும் வினாவில் அச்சிறு கோடு முன்போலவே மினுக்கிற்று. என் விரல்கள் முன்போல நிற்கவில்லை.

தேறினேன். வழிகாணும் பகுதியிலும் இம்முறை நாணவேண்டிய நிலையில்லை. பாதுகாப்புப் பகுதி மட்டும் இன்னும் படி என்று கூறுவதாகவே இருந்தது. மாட்டுத்தாவணியிலிருந்து வீட்டிற்குச் செய்தி கூறினேன். அம்மா எதிர்முனையில் ஒரு நொடி பேசாதிருந்து, "நீ போட்டதுதானே?" என்றார்கள். "யான் போட்டதே" என்றேன். அன்று மாலை வீட்டில் தந்தையார் எனக்களித்த பரிசு, எங்கள் வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல். "இனி இதை நீ பார்த்துக்கொள்" என்றார்.

இரண்டு பரீட்சைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 60,000 ரூபாய் செலவாயிற்று. அதில் பாதி அம்மாவின் கூரை. சென்ற மழைக்கும் குண்டான் வைத்தோம். தளம் போடுமளவும் யான் அக்கடனாளியே. ஆயினும், முதன்முறை தேறியிருந்தால் எனக்கு நேர்ந்திருக்கும் இழப்பு அதனினும் பெரிதென்று இப்பொழுது தோன்றுகின்றது. சான்றிதழ் கையில் இருந்திருக்கும். இணையம் நின்ற ஒரு வீட்டில் தந்தையார் என்னை நோக்கியபோது, யான் தலைகுனிந்திருப்பேன்.

இவ்வாண்டு நம்முள் சிலர் சில பரீட்சைகளில் தவறியிருக்கலாம்; மீண்டும் எழுதவும் இருக்கலாம். அவர்களுக்கு அறிவுரை கூறும் வயதும் தகுதியும் எனக்கில்லை. என் தந்தையார் கேட்ட கேள்வியை மட்டும் அவர்கள் கையில் வைத்து விடைபெறுகின்றேன்: அறுந்தது எவ்விடம் என்று தேடுமுன், அக்கம்பியைப் போட்டது நீவிர்தாமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்மின்.